எந்தப் புற்றின் பிள்ளை?

ஈக்களில் எது பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் மைக்ரோடான் என்று சொல்வேன். அது ஒரு பேரினம். உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் அடக்கம். பூச்சிகளைத் தேடித்தேடிப் பார்க்கிறவர்களிலேயே பலர் கண்ணில் அது பட்டிருக்காது. பட்டிருந்தாலும் ஏதோ சோம்பலான தேனீ என்று நினைத்துக் கடந்திருப்பார்கள். பூவில் வந்து உட்காரும் வழக்கம் அநேகமாக இல்லை. வாழ்நாளில் பெரும்பகுதி வெளிச்சத்துக்கே வருவதில்லை. ஆனாலும், இரண்டு உயிர்கள் ஒரே இனமா, வேறு வேறு இனமா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்கிறோம் என்ற கேள்வியை இந்த ஈ அளவுக்கு எனக்குள் கிளறிவிட்ட உயிர் வேறில்லை.

முதலில் இதன் சொந்தபந்தங்களைச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோடானின் குடும்பம் சிர்ஃபிடே. ஹோவர்ஃப்ளை என்றும் மலர் ஈ என்றும் சொல்கிறோமே, அதுதான். சுமார் 6,000 இனங்கள் உண்டு. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும். நாம் கையை ஆட்டினால் சட்டென்று ஒரு முழம் விலகிப் போய் அங்கே அதே மாதிரி நிற்கும். பலவற்றுக்கு உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள். கொடுக்கு கிடையாது. கொட்டத் தெரியாத பூச்சி, கொட்டுகிற குளவியின் கோலத்தில் திரிந்து பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. குளவிக்கு இறக்கை நான்கு, இதற்கு இரண்டுதான். பின்னிறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் வைத்த இரண்டு சிறு குச்சிகள் இருக்கும்; பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்பதை உணர்ந்து சொல்வது அவற்றின் வேலை.

இந்தக் குடும்பத்தின் புழுக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் பிழைப்பவை. சிர்ஃபஸ் வகைப் புழுக்கள் அசுவினிகளைத் தின்று விவசாயிகளுக்கு நல்லது செய்கின்றன. எரிஸ்டாலிஸின் புழு சாக்கடை நீருக்குள் கிடந்தபடியே வால் நுனியில் இருக்கும் நீண்ட குழாயை மேலே நீட்டிக் காற்று வாங்கும். மெரோடான் பூச்செடிகளின் கிழங்குக்குள் வளரும். வொலுசெல்லாவில் சில, குளவிக் கூட்டுக்குள்ளேயே போய்க் குடியிருக்கும். இத்தனை விதமான பிழைப்பு ஒரே குடும்பத்துக்குள் இருப்பது எனக்கு எப்போதும் வியப்புதான். அந்த வரிசையிலும் மைக்ரோடான் தனியாகத்தான் நிற்கிறது. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளின்படி, மற்ற எல்லா மலர் ஈக்களிலிருந்தும் முதலில் பிரிந்துபோன கிளை இதனுடையது. அதனால் இவற்றைத் தனிக் குடும்பமாகவே வைத்துவிடலாம் என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. குடும்பம், துணைக்குடும்பம் என்பதெல்லாம் நாம் போடும் கோடுகள். இனம் என்பது அப்படியல்ல, அது இயற்கையிலேயே இருக்கும் ஒன்று என்றுதான் நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைத்தான் இந்த ஈ அசைத்துப் பார்த்தது.

வளர்ந்த ஈ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். பழுப்பு அல்லது கறுப்பு உடல், சிலவற்றில் செம்பு கலந்த மினுமினுப்பு, மேலே குறுகிய மயிர். மலர் ஈக்களின் உணர்கொம்பு பொதுவாகக் குட்டையாக இருக்கும். மைக்ரோடானுக்கு அது நீண்டு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். இறக்கையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஒரு நரம்பிலிருந்து சின்னக் கிளை ஒன்று கிளம்பி, எங்கும் போய்ச் சேராமல் பாதியில் நின்றிருப்பது தெரியும். படத்தில் அந்த முட்டு நரம்பு தெரிந்தால் போதும், கூட்டத்தை அடையாளம் கண்டுவிடலாம். வாயுறுப்புகள் சுருங்கிப்போனவை. பூந்தேனுக்காக அலைய வேண்டிய தேவை இதற்கு இல்லை. எந்தப் புற்றிலிருந்து வெளியே வந்ததோ அதன் பக்கத்திலேயே ஒரு புல் நுனியிலோ கல்லின் மீதோ உட்கார்ந்திருக்கும். அங்கேயே இணை சேரும், அங்கேயே முட்டையிடும், சில நாட்களில் கதை முடிந்துவிடும்.

புற்று என்று சொன்னது எறும்புப் புற்றை. மைக்ரோடானின் புழு எறும்புகளோடு வாழ்கிறது, எறும்புகளின் பிள்ளைகளைத் தின்று வளர்கிறது.

அந்தப் புழுவின் உருவத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. ஈயின் புழு என்றால் நம் நினைவுக்கு வருவது வெள்ளையாக, நீளமாக, வளையம் வளையமாக நெளிவது. மைக்ரோடானின் புழுவில் வளையமே தெரியாது. மேற்புறம் அரைக்கோளமாகப் புடைத்திருக்கும், அதன் தோலில் மெல்லிய வலைப்பின்னல் மாதிரி வரிகள் ஓடும். அடிப்புறம் தட்டையான ஒரு பாதம். அதை வைத்து மெதுவாக வழுக்கியபடி நகரும். தலை எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. அது அடியில் ஒளிந்திருக்கிறது. பின்பக்கம் மட்டும் குட்டையான ஒரு குழாய் எழுந்து நிற்கும், மூச்சு விடுவது அதன் வழியாக. கண்ணும் காலும் முகமும் இல்லாத இந்த உருவத்தைப் பார்க்கிற யாரும் ஓடில்லாத நத்தை என்றுதான் சொல்வார்கள்.

சொல்லவும் செய்தார்கள். யோகான் பாப்டிஸ்ட் ஃபான் ஸ்பிக்ஸ் சாதாரண ஆள் இல்லை. 1817 முதல் 1820 வரை பிரேசில் முழுக்கச் சுற்றி, குரங்குகளையும் பறவைகளையும் மீன்களையும் ஆயிரக்கணக்கில் சேகரித்துக்கொண்டு ம்யூனிக்குக்குத் திரும்பியவர். அவர் 1820களின் நடுவில், பவேரியாவில் கிடைத்த ஒரு விசித்திர உயிரை ஸ்குட்டெல்லிகெரா என்ற புதிய மெல்லுடலியாக விவரித்து எழுதினார். மெல்லுடலி என்றால் நத்தை, சிப்பி வகை. ஏறக்குறைய அதே காலத்தில் ஃபான் ஹைடன் என்ற இன்னொரு ஜெர்மானியரும் இதே வகை உயிருக்கு பார்முலா என்று தனிப் பேரினமே அமைத்தார். பிறகுதான் அது எறும்புப் புற்றில் வாழும் ஈயின் புழு என்று தெரியவந்தது. அதற்கும் முன்பே, 1803ல், மைகன் என்ற ஈயியல் முன்னோடி மைக்ரோடான் என்ற பேரினத்துக்குப் பெயர் வைத்திருந்தார். இனங்களில் ஒன்றான மியூட்டாபிலிஸுக்கு லின்னேயஸ் 1758லேயே பெயர் கொடுத்துவிட்டார். ஆக, தாயும் தகப்பனும் ஈக்களின் பட்டியலில் இருக்க, அவற்றின் பிள்ளை நத்தைகளின் பட்டியலில் இருந்தது.

இதை ஸ்பிக்ஸின் சறுக்கல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கண்ணால் பார்த்ததை அவர் ஒழுங்காக விவரித்திருக்கிறார். உருவம் ஒன்றையே சான்றாக வைத்தால் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயிருக்கிறார். உருவம் மட்டும் போதாது என்பதை இந்தப் பேரினம் அடுத்த இருநூறு ஆண்டுகளும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

புற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எறும்புகள் அந்நியரை உள்ளே விடாது. இருட்டில் கண்ணுக்கு வேலை இல்லை; மணம்தான் எல்லாம். ஒவ்வோர் எறும்பின் மேற்தோலிலும் மெழுகுத்தன்மை கொண்ட ஹைட்ரோகார்பன்களின் கலவை ஒன்று பூசியிருக்கும். எந்தெந்தப் பொருள், எந்த விகிதத்தில் என்பது எறும்பின் இனத்தைப் பொறுத்தது. ஒரே இனத்துக்குள்ளும் புற்றுக்குப் புற்று சிறு வேறுபாடு உண்டு. எதிரே வருகிற உயிரை உணர்கொம்பால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்ததுமே, நம் வீட்டு ஆளா, வெளி ஆளா என்று எறும்புக்குத் தெரிந்துவிடும். வெளி ஆள் என்றால் கடி, கொட்டு, அமிலம்.

இந்தக் காவலைத் தாண்டித்தான் மைக்ரோடான் புழு உள்ளே இருக்கிறது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பாம்பு புகுந்தது காலியான புற்றில். மைக்ரோடான் இருப்பது ஆயிரக்கணக்கான காவலர்கள் விழித்திருக்கும் வீட்டில். அமெரிக்காவில் மைக்ரோடான் பைப்பரி என்ற இனம் காம்போனோட்டஸ் மோடாக் என்ற மரம் குடையும் எறும்போடு வாழ்கிறது. புழுவின் மேற்தோலில் இருக்கும் பொருட்கள் அந்த எறும்பினுடையவற்றோடு ஒத்துப்போவதை 1990ல் ஹோவர்ட், ஏக்கர், கார்னெட் என்ற மூவர் காட்டினார்கள். அடுத்து வரும் கேள்வி, இந்த மணத்தைப் புழு எறும்புகளோடு உரசி உரசி வாங்கிக்கொள்கிறதா, தானே செய்கிறதா என்பது. அதே ஆண்டில் மைக்ரோடான் அல்பிகோமேட்டஸ் என்ற இனத்தை வைத்து, ஹோவர்டும் ஏக்கரும் மற்றொருவரும் சேர்ந்து அதற்கு விடை கண்டார்கள். கதிரியக்கக் குறியிட்ட மூலப்பொருளைப் புழுவுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அந்தக் குறி புழுவின் தோல் ஹைட்ரோகார்பன்களில் வந்து சேர்ந்திருந்தது. புழு தன் உடம்பிலேயே எறும்பின் மணத்தைத் தயாரிக்கிறது. ஈயின் மரபில் எறும்பின் அடையாளம் எழுதப்பட்டிருக்கிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

சின்ன வயதில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சில அமெரிக்க இனங்களின் முதல் இரண்டு பருவத்துப் புழுக்கள், எறும்பின் பட்டுக்கூட்டைப் போலவே நீள்உருண்டையாக இருக்கும். யாராவது புற்றைக் கிளறினால் வேலைக்கார எறும்புகள் தங்கள் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடுமே, அப்போது இந்தப் புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு பத்திரமான இடத்துக்குப் போகின்றன. தன் பிள்ளைகளைத் தின்கிற ஒன்றைத் தன் பிள்ளை என்றே காப்பாற்றுகிறது எறும்பு. இதை முதலில் படித்தபோது மனசு கனத்தது. இன்றும் அப்படித்தான்.

பெரிதான பிறகு யாரும் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. தோல் தடித்துவிடும், எறும்புகளும் கண்டுகொள்வதில்லை. எறும்பு முட்டைகளும் குஞ்சுகளும் கிடக்கும் அறைக்குள் அந்த அரைக்கோளம் மெல்ல ஊர்ந்து, அடியில் இருக்கும் வாயால் ஒவ்வொன்றாகத் தின்கிறது. மியூட்டாபிலிஸில் இன்னொரு வினோதம் உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த புழுக்களில் சில ஓராண்டில் வளர்ந்து முடிக்கும், சில இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். ஓர் ஆண்டு பருவம் தவறினாலும் குலம் அடியோடு அழியாமல் இருக்க இது உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வளர்ந்த புழு, புற்றின் மேல்மட்டத்துக்கு வந்து, தன் தோலையே கெட்டியாக்கி அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. ஈ வெளியேறிப் போன பின் மிஞ்சிய காலிக் கூடு ஒன்றைக் கைலென்ஸில் வைத்து நெடுநேரம் பார்த்திருக்கிறேன். காய்ந்த பழுப்பு நிறம். புழுவாக இருந்தபோது இருந்த வலைவரிகள் அப்படியே பதிந்திருந்தன. பின்பக்கத்து மூச்சுக்குழாய் அப்படியே நின்றது. முன்பக்கத்து மேல்தகடு பெயர்ந்து திறந்திருந்தது, ஈ வெளியேறிய வழி அது. அந்தத் தகட்டின் மேல் இரண்டு குட்டைக் கொம்புகள். கூட்டுப்புழுப் பருவத்தில் மூச்சுவிட முளைத்தவை. அவற்றின் மேற்பரப்பு முழுக்கப் பொடிப்பொடி மேடுகள். ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லாத அந்தக் கொம்புகளில்தான் இந்தப் பேரினத்தின் பெரிய கதை ஒன்று அடங்கியிருக்கிறது.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மைக்ரோடான் மியூட்டாபிலிஸ் என்று ஓர் இனத்தை வெகுகாலமாகப் பதிவு செய்து வந்தார்கள். அபூர்வமான ஈ, ஆனால் இரண்டு வகை இடங்களில் கிடைத்தது. ஒன்று, ஸ்காட்லாந்தின் மேற்கிலும் அயர்லாந்திலும் பாறைகள் நிறைந்த புல்வெளிகள். அங்கே கல்லுக்கு அடியில் வாழும் ஃபார்மிக்கா லெமனி என்ற எறும்பின் புற்றில் புழு இருந்தது. மற்றொன்று, சதுப்பு நிலங்கள். அங்கே பாசி மேடுகளுக்குள் வாழும் மிர்மிக்கா ஸ்கேப்ரினோடிஸ் என்ற எறும்பின் புற்றில் இருந்தது. எறும்பு உலகத்தில் இந்த இரண்டும் வெகு தூரத்துச் சொந்தம். ஃபார்மிக்காவுக்குக் கொடுக்கு இல்லை, அமிலம் பீய்ச்சும். மிர்மிக்கா கொட்டும். ஃபார்மிக்காவின் கூட்டுப்புழுக்கள் பெரும்பாலும் பட்டுக்கூட்டுக்குள் இருக்கும், மிர்மிக்காவினுடையவை வெறுமனே கிடக்கும். ஒரே ஈ இரண்டு வீட்டுச் சோறும் தின்னும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கார்ஸ்டன் ஷான்ரோகா, கிரகாம் எல்ம்ஸ், ஜெரிமி தாமஸ் ஆகியோர் இருந்த குழு 2002ல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. ஃபார்மிக்கா வீட்டில் வளர்ந்த ஈயும் மிர்மிக்கா வீட்டில் வளர்ந்த ஈயும் வேறு வேறு இனம். இரண்டாவதற்கு மைக்ரோடான் மிர்மிகே என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்த ஈக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் நம்பிக்கையோடு பிரித்துச் சொல்ல முடியாது. கூட்டில் இருக்கும் அந்தக் குட்டைக் கொம்புகளின் வடிவம்தான் வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கிறது. ஈயைப் பிடித்துவந்து ஊசியில் குத்தி வைத்தால் அது எந்த இனம் என்று சொல்லத் தெரியாது. அது பிறந்த இடத்துக்குப் போய், விட்டுப்போன கூட்டைத் தேடி எடுத்தால் தெரியும்.

இந்த இடத்தில் நான் நீண்ட நாள் நின்றுவிட்டேன். கள வழிகாட்டி நூல்களில் இறக்கையின் நரம்பு, கண்ணின் மயிர், காலின் நிறம் என்று பார்த்துப் பார்த்து இனத்தைப் பிரிக்கப் பழகியவன் நான். வளர்ந்த உடலில் எழுதியிருப்பதே அந்த உயிரின் அடையாளம் என்ற எண்ணம் அதனால் ஊறிப்போயிருந்தது. மைக்ரோடானுக்கு வளர்ந்த உடல் என்பது சில நாள் சங்கதி. மாதக்கணக்கில், சமயத்தில் இரண்டு வருடம் வரை அது வாழ்ந்தது புழுவாக. யாருடைய வீட்டில், யாருடைய மணத்தை அணிந்துகொண்டு வளர்ந்தது என்பதில்தான் அதன் வேறுபாடு முழுவதும் இருக்கிறது. வெளியே வந்து பறக்கும்போது அந்த வேறுபாடு நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஐரோப்பாவில் இப்படி நடந்தது இந்த ஒரு ஜோடிக்கு மட்டுமல்ல. அனாலிஸ், மேஜர் என்ற இன்னொரு ஜோடியையும் கூட்டையும் புழுவையும் பார்த்தால்தான் தெளிவாகப் பிரிக்க முடியும்.

அதைவிடவும் என்னைப் பாதித்தது 1999ல் வந்த ஒரு சோதனை. எல்ம்ஸ் குழுவினர்தான் அதையும் செய்தார்கள். மியூட்டாபிலிஸ் பெண் ஈக்களின் முட்டைகளை எடுத்து ஃபார்மிக்கா லெமனி எறும்புகளிடம் வைத்தார்கள். தாய் ஈ வளர்ந்த அதே புற்றின் எறும்புகளிடமும், பக்கத்துப் புற்றுகளின் எறும்புகளிடமும் வைத்தபோது 95 சதவீதத்துக்கும் மேலான முட்டைகள் பிழைத்தன. இன்னும் தள்ளியிருக்கும் புற்றுகளின் எறும்புகளிடம் வைத்தபோது எண்ணிக்கை சரிந்தது. தூரம் கூடக் கூட மேலும் சரிந்து, வெகு தொலைவிலிருந்த புற்றுகளில் எதுவும் தேறவில்லை. எல்லாம் ஒரே எறும்பு இனம்தான். ஆனால் அந்த ஊர் எறும்புகள் இந்த முட்டையை நம் வீட்டு ஆள் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. தாய் தன் முட்டைகளின் மேல் பூசி அனுப்பும் மணம், தான் வளர்ந்த அந்தச் சிறு வட்டாரத்து எறும்புகளுக்கு மட்டும் பழக்கமான மணம்.

ஒரு ஈ ஓர் எறும்பு இனத்தைச் சார்ந்திருப்பது புதிதல்ல. ஒரு இனத்துக்குள்ளும் குறிப்பிட்ட சில குடும்பங்களை மட்டும் சார்ந்திருப்பது வேறு கதை. அப்படியானால் அந்த ஈ தன் பிறந்த மண்ணை விட்டுப் போகவே முடியாது. பறக்க இறக்கை இருக்கிறது. போய் முட்டையிட இடமில்லை. மைக்ரோடான்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே மேட்டில், ஒரே சரிவில் கிடக்கின்றன என்று களத்தில் பார்த்தவர்கள் எழுதியதற்குப் பொருள் இதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இங்கே ஒரு சிக்கல் எழ வேண்டும். ஒரே வட்டாரத்துப் புற்றுகளை ஆண்டுக்கு ஆண்டு தின்றால் அந்தப் புற்றுகள் அழியாதா? அவை அழிந்தால் ஈக்கும் போக்கிடம் கிடையாதே? இதே குழு 2006ல் இதற்கும் ஒரு விடை சொன்னது, அந்த விடை அழகானது. புழு விரும்பித் தின்பது எறும்பின் முட்டைகளையும் சிறிய குஞ்சுகளையும். பெரிய குஞ்சுகளை விட்டுவிடுகிறது. வாய்கள் குறைந்துபோனதால் வேலைக்காரிகள் கொண்டுவரும் உணவு மிச்சமிருக்கும் குஞ்சுகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. எறும்பில் பெண் குஞ்சு வேலைக்காரி ஆவதும் ராணி ஆவதும் பெரும்பாலும் ஊட்டத்தைப் பொறுத்தது. ஆக, மைக்ரோடான் குடியிருக்கும் புற்று அதிகமான இளம் ராணிகளை உண்டாக்குகிறது. அந்த ராணிகளால் அதே குடும்பத்துப் புற்றுகள் அக்கம்பக்கத்தில் பெருகும். ஈயின் அடுத்த தலைமுறைக்கு ஏற்ற வீடுகள், அதே மணத்தோடு, அருகிலேயே கிடைக்கும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிற ஈ என்று நினைத்திருந்தேன். இதைப் படித்த பிறகு அந்த எண்ணம் நிற்கவில்லை.

பேரினத்தின் எல்லையும் இந்தக் காலத்தில் மாறியிருக்கிறது. முன்பு இந்தக் கூட்டத்தில் எங்கே சேர்ப்பது என்று தெரியாத எதையும் மைக்ரோடானில் போட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. 2013ல் மென்னோ ரீமரும் குனிலா ஸ்டால்ஸும் மைக்ரோடானும் அதன் நெருங்கிய சொந்தங்களும் அடங்கிய மைக்ரோடான்டினே என்ற துணைக்குடும்பம் முழுவதையும் உலக அளவில் திரும்பப் பரிசீலித்து, பலவற்றை வேறு பேரினங்களுக்கு மாற்றினார்கள். பெரிய உழைப்பு அது. ஆனாலும் வெப்பமண்டலத்து இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊசியில் குத்திய ஈ மட்டும்தான் ஆதாரம். எந்த எறும்பு, எப்படிப்பட்ட புழு, கூட்டின் கொம்பு எப்படி என்ற பதிவு இல்லை. வடக்கு ஐரோப்பாவில் நன்றாகத் தேடிய இடத்திலேயே ஒன்று இரண்டானது என்றால், எறும்பு வகை மிகுந்த வெப்பமண்டலத்தில் பட்டியலில் இருக்கும் எண்ணிக்கையை நான் ஒரு தொடக்கமாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

பாதுகாப்பு என்று வரும்போது இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை. அபூர்வம் என்று பட்டியலில் இருந்த ஒரு இனம் இரண்டாகப் பிரிந்தால், ஒவ்வொன்றுக்கும் மிஞ்சும் இடம் முன்பு நினைத்ததைவிடக் குறைவு. 2002 கட்டுரையின் கவலையும் அதுதான். மியூட்டாபிலிஸுக்குப் பாறைப் புல்வெளி வேண்டும், அங்கே புதர் மண்டிக் கல்லின் மேல் வெயில் விழாமல் போனால் எறும்பும் போய்விடும். மிர்மிகேவுக்குச் சதுப்பு வேண்டும், வாய்க்கால் வெட்டி வடித்தால் அது கிடையாது. பிரிட்டனின் மற்ற இரண்டு இனங்களில் டீவியஸ், சுண்ணாம்புப் புல்வெளிகளில் லாசியஸ் ஃப்ளேவஸ் எறும்பு கட்டும் மண்மேடுகளை நம்பியிருக்கிறது. அந்த மேடுகள் உயர்ந்து நிற்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். உழுதுவிட்டால் ஒரே நாளில் போய்விடும். அனாலிஸ் வெட்டிய பைன் மரங்களின் அழுகிய அடிக்கட்டைகளில் இருக்கும் எறும்புகளோடு வாழ்கிறது. காட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கட்டைகளைப் பெயர்த்து அப்புறப்படுத்தினால் ஈயும் சேர்ந்து போகும். அழுகிய கட்டையைக் குப்பை என்று பார்ப்பதை எப்போது நிறுத்தப் போகிறோமோ!

ஓரிடத்தில் அழிந்தால் இன்னோரிடத்திலிருந்து பிடித்துவந்து விடலாம் என்பது பல உயிர்களுக்குச் செய்கிற வேலை. மைக்ரோடான் மியூட்டாபிலிஸுக்கு அது பலிக்கும் என்று நான் நம்பவில்லை. 1999 சோதனை காட்டியபடி, வேற்றூர் எறும்பு அதன் முட்டையை விட்டுவைக்காது. ஒரு சரிவில் இருக்கும் ஈக்கூட்டம் போனால் அந்தச் சரிவின் மணத்தை அறிந்த ஈ உலகில் வேறெங்கும் இல்லை. இனம் பட்டியலில் பத்திரமாக இருக்கும், அந்த ஊர்க் கிளை மட்டும் பெயரில்லாமலே மறைந்துவிடும். இப்படிப்பட்ட உள்ளூர்க் கிளைகளையும் கணக்கில் எடுக்காத பாதுகாப்புத் திட்டம் மைக்ரோடானுக்குப் போதாது என்பது என் கருத்து.

மைக்ரோடானைப் பார்க்கும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால் ஒரு வேண்டுகோள். ஈயை மட்டும் படமெடுத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் ஓடும் எறும்பையும் படமெடுங்கள், அது கல்லடியா, கட்டையா, பாசி மேடா என்று குறித்துக்கொள்ளுங்கள். புற்றைக் கிளற வேண்டாம். வளர்த்துப் பார்க்கிறவர்கள் ஈயோடு அதன் காலிக் கூட்டையும் ஒரே ஊசியில் குத்தி வைப்பது நல்ல வழக்கம். பழைய சேகரிப்புகளில் அப்படி வைக்கப்பட்ட மியூட்டாபிலிஸ்களைக் கொம்பைப் பார்த்து இன்றும் பிரித்துவிடலாம். கூடு இல்லாமல், எந்த எறும்பு என்ற குறிப்பும் இல்லாமல் இருப்பவற்றை, உருவத்தை வைத்து இரண்டில் எது என்று சொல்ல வழியில்லை.